வலி போய்விட்டது, எலும்பு இன்னும் கூடவில்லை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளி அணியிலும் கிளப் அணியிலும் வலக்கை வேகப்பந்து வீசுகிறான். மூன்று மாதமாக இடுப்பின் இடப்பக்கம் வலி. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம், குறையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கம் ஆரம்பநிலை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் எலும்பு விரிசல்) என்று வந்திருக்கிறது. பல மாத ஓய்வு வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் இரண்டு வாரத்திலேயே வலி போய்விட்டது. அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு. பெல்ட் கட்டி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீசலாமா? அறுவை சிகிச்சை செய்தால் சீக்கிரம் குணமாகுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் ஐயா. இந்தத் தேர்வில் அவன் ஒரு பந்துகூட வீசக் கூடாது. உங்கள் மருத்துவர் சொன்னது சரி.

முள்ளெலும்பின் பின்புறத்தில், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகலான எலும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. விரிசல் விழுந்திருப்பது அங்கேதான். வேகப்பந்து வீசுபவன் முன்காலைத் தரையில் ஊன்றும் நொடியில் அவன் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் செய்கிறது. வலக்கையால் வீசுபவருக்கு அந்தச் சுமை பெரும்பாலும் இடப்பக்கப் பாலத்தில்தான் விழும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், எந்த வளைவில் ஒடிந்தது என்று சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான். ஒரே அடியில் முறிந்ததல்ல, ஆயிரக்கணக்கான பந்துகளின் கணக்கு. 15 வயதில் அந்த எலும்பு முழுமையாக முதிர்ந்தும் இருக்காது.

எக்ஸ்ரே சரியாக இருந்ததால் ஏமாந்துவிட்டோம் என்று வருந்தாதீர்கள். ஆரம்பநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். எம்ஆர்ஐ எலும்புக்குள் இருக்கும் வீக்கத்தையே காட்டிவிடும். உங்கள் மகனுக்கு விரிசல் ஒரு பக்கம் மட்டும், அதுவும் புதியது. இப்படிப்பட்டவைதான் நன்றாகக் கூடும். இரு பக்கமும் விழுந்து, நாள்பட்டு, இடைவெளி அகன்றுவிட்டால் கூடுவது அரிது. சிலருக்கு முள்ளெலும்பு முன்னால் நகரவும் செய்யும். இப்போது பொறுத்தால் இவை எல்லாவற்றையும் தவிர்க்கலாம்.

வலி இரண்டு வாரத்தில் போனது ஓய்வின் பலன். எலும்பு கூடியதன் அடையாளம் அல்ல. என்னிடம் வரும் பையன்களில் பலர் மறுபடி வருவது இந்த இடத்தில் தடுக்கி விழுந்துதான். வலி இல்லை என்று ஒரு மாதத்தில் ஓடத் தொடங்குவார்கள், இரண்டாவது மாதம் நெட் பயிற்சியில் ஆறு ஓவர் வீசுவார்கள், மூன்றாவது மாதம் பழைய வலியோடு என் அறையில் நிற்பார்கள். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொன்னால் அந்த முகம் சுருங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓய்வு என்றால் படுக்கையில் கிடப்பதல்ல. பள்ளிக்குப் போகலாம், நடக்கலாம். பந்து வீசுவது, ஓடுவது, குதிப்பது, எடை தூக்குவது, முதுகைப் பின்னால் வளைப்பது ஆகியவை கூடாது. பேட்டிங்கும் இப்போதைக்கு வேண்டாம். யாரும் முதுகை நீவி நெட்டி முறிக்கவும் வேண்டாம். வலி அடங்கியபின் பிசியோதெரபி தொடங்கும். வயிற்றுத் தசை, இடுப்புத் தசை, தொடையின் பின்தசை ஆகியவற்றுக்கான பயிற்சிகள் சலிப்பானவை. ஆனால் சிகிச்சையில் பாதி அதுதான், தினமும் செய்ய வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பெல்ட் எலும்பை அசையாமல் பிடிக்காது. அளவெடுத்துச் செய்யும் கடினமான பெல்ட்டைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். அதை அணிந்தவர்களும், அணியாமல் ஒழுங்காக ஓய்வெடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரேபோலத்தான் குணமடைகிறார்கள். வலி மாத்திரை முதல் சில நாளுக்குப் போதும். அதைப் போட்டுக்கொண்டு வீசுவது, உடல் தரும் எச்சரிக்கையை அணைத்துவிட்டு எலும்பை மேலும் உடைப்பதாகும்.

அறுவை சிகிச்சை குறுக்குவழி அல்ல. விரிசலைத் திருகாணி வைத்து இணைக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் முறையாக ஓய்வும் பயிற்சியும் எடுத்தும் வலி தீராதவர்களுக்கே அது. ஜஸ்பிரித் பும்ரா 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்று படித்திருப்பீர்கள். 2019இல் தொடங்கிய முதுகுக் காயம் திரும்பத் திரும்ப வந்தபின் எடுத்த முடிவு அது. அறுவைக்குப் பிறகும் அவர் களத்துக்குத் திரும்ப ஆகஸ்ட் ஆகிவிட்டது. உங்கள் மகனுக்கு அந்த நிலை இல்லை. இளம்வயதினரில் ஐந்தில் நான்கு பேருக்கு அறுவை இல்லாமலே குணமாகிறது.

பொதுவாக மூன்று நான்கு மாதத்தில் மெதுவோட்டம். பிறகு மருத்துவர் பரிசோதித்து, தேவையானால் மீண்டும் எம்ஆர்ஐ எடுத்து அனுமதித்தால், குறுகிய ரன்-அப்பில் சில பந்துகள். போட்டிக்குத் திரும்ப ஆறு மாதமாவது ஆகும். வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வகுத்திருக்கும் வரம்பை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன்: தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக் கூடாது, வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் கூடாது. உங்கள் மகன் இரண்டு அணிகளுக்கு ஆடுகிறான். பள்ளிப் பயிற்சியாளருக்குக் கிளப்பில் வீசிய ஓவர் தெரியாது, கிளப்காரருக்குப் பள்ளியில் வீசியது தெரியாது. நெட்டில் வீசும் பந்தையும் சேர்த்து எண்ணுபவர் ஒருவர் வேண்டும், அது நீங்களாக இருங்கள்.

ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்துவிடுங்கள். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு ஓடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வளரும் எலும்புக்குப் பால், முட்டை, கேழ்வரகு, நெத்திலி எல்லாம் வேண்டும், வயிறு நிறையச் சோறும் வேண்டும்.

கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

தேர்வு போகிறதே என்று தம்பி அழுவான். அழட்டும், அது அவனுக்குப் பெரிய இழப்புதான். அவனிடம் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். 18 வயதில், 2011இல், முதல் டெஸ்ட் ஆடினார். முதுகு எலும்பு விரிசல் உள்ளிட்ட காயங்களால் அடுத்த டெஸ்டுக்கு 2017 வரை காத்திருந்தார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் கேப்டன் ஆனார். உங்கள் மகனிடம் நாம் கேட்பது ஆறு மாதம்.