சாப்பிடுகிற காபி

வணக்கம் சார்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பார்க்கிற ஜப்பானிய அனிமே ஒன்றில் கதாநாயகன் காபி ஜெல்லி என்றால் உயிரையே விடுகிறானாம். தனக்கும் அது வேண்டும் என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறாள். நீங்கள் ஜப்பானில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் தடவை பத்து கிராம் சைனா கிராஸ் பாக்கெட் ஒன்று வாங்கினேன். வீட்டு ஃபில்டர் டிகாக்‌ஷனில் பாலும் தண்ணீரும் சேர்த்து அரை லிட்டர் ஆக்கி, சர்க்கரையும் சைனா கிராஸும் ஒன்றாகப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். கெட்டியாகத்தான் ஆனது. ஆனால் பள்ளிக்கூட ரப்பர் மாதிரி ஒரு கெட்டி. கருகின வாசம் வேறு. "எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து நோன்புக்குக் கடல்பாசி வருமே, பேசாமல் அவர்களையே செய்யச் சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி.

இரண்டாம் தடவை ஜெலட்டினில் செய்தேன். ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்ததில் அழகாக உறைந்திருந்தது. துண்டு போட்டு மேஜையில் வைத்தேன். மகள் டியூஷன் முடிந்து வந்து கை கால் கழுவி உட்காருவதற்குள் ஓரமெல்லாம் இளகிக் குளம் கட்டிவிட்டது. இங்கே ஏப்ரல் வெயில் அப்படி. அதற்குப் பிறகு ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று மனைவிக்குத் தெரியவந்ததில் தனியாக ஒரு சண்டை. நாங்கள் சைவம்.

எங்கே தப்பு செய்தேன்? அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

க. ச., கோவை

அன்புள்ள க. ச.,

ரப்பர் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த ரப்பரை நானும் செய்து, இரண்டு நாள் பிடிவாதமாகத் தின்று தீர்த்தவன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். டோக்கியோவில் ஜிம்போச்சோ என்று பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது. அந்தக் கடைகளுக்கு நடுவே சந்துகளிலும் நிலவறைகளிலும் 'கிஸ்ஸாதென்' என்கிற பழங்காலக் காபிக் கடைகள் உண்டு. மங்கலான விளக்கு, கறுத்துப்போன மர மேஜை, சைஃபன் குடுவையில் காபி போடும் வயதான முதலாளி. ஓர் ஆகஸ்ட் மாதம், சென்னையே தேவலை என்று நினைக்க வைக்கிற புழுக்கத்தில், இரண்டு பை புத்தகத்தோடு அப்படி ஒரு கடைக்குள் போய் விழுந்தேன். மெனுவில் எனக்கு வாசிக்கத் தெரிந்த நாலைந்து சொற்களில் 'கோஹீ ஜெரீ' ஒன்று. அவர்கள் நாக்கில் காபி ஜெல்லி அப்படித்தான் வரும்.

காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் கன்னங்கறுப்பாகச் சதுரத் துண்டுகள் வந்தன. பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டிக் குவளையில் க்ரீம். நான் என்ன செய்தேன் தெரியுமா? க்ரீமைக் கவிழ்த்து, ஸ்பூனை விட்டு, தயிர்சாதம் பிசைகிற மாதிரி கலக்கினேன். பழுப்புக் கூழ் ஒன்று கிடைத்தது. சுமாராக இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் கலக்கவே இல்லை. கறுப்பின்மேல் வெள்ளை மெல்ல இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு துண்டும் கொஞ்சம் க்ரீமுமாக எடுத்து வாயில் வைத்தார். அடுத்த வாரம் போய் அவரைப் பார்த்து நானும் அப்படிச் செய்தேன். முதலில் க்ரீமின் குளிர்ச்சியும் கொழுப்பும் தெரிந்தன. பல் பட்டதும் ஜெல்லி உடைந்து கசப்பு வந்தது. அந்தக் கசப்பு அடங்குவதற்குள் அடுத்த ஸ்பூனுக்குக் கை போனது.

உங்கள் முதல் தப்பு அளவில் இல்லை, பாலில் இருக்கிறது. நம் காபி கலப்பதில் பிறக்கிறது. டிகாக்‌ஷனும் பாலும் சர்க்கரையும் எது எதென்று தெரியாதபடி டபராவுக்கும் டம்ளருக்கும் ஆற்றி ஆற்றி, நுரை கட்டி வருவதுதான் நமக்குக் காபி. இங்கே எல்லாமே தலைகீழ். காபி தனி, க்ரீம் தனி. இரண்டும் வாய்க்குள்தான் சந்திக்க வேண்டும். பாலையும் சேர்த்து உறைய வைத்தால் அது காபி வாசமுள்ள கடல்பாசி. அதுவும் நல்ல பண்டம்தான், எதிர்வீட்டில் உங்களைவிட நன்றாகவே செய்வார்கள். காபி ஜெல்லிக்குக் கசப்பு வேண்டும்.

காபியை ஜெல்லியாக்குவது ஜப்பான்காரர்களின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களிலேயே அது உண்டு. கன்றுக்குட்டிக் காலை வேகவைத்து எடுத்த பசையில் செய்தார்கள். (மனைவியிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.) அங்கே அது மறக்கப்பட்டது, ஜப்பானில் நிலைத்துவிட்டது. கருயிசாவா, டோக்கியோவாசிகள் கோடைக்கு ஓடும் மலையூர், அவர்களின் கொடைக்கானல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மிகாடோ காபிக் கடை 1963-ல் இதை 'சாப்பிடுகிற காபி' என்று சொல்லி விற்றது. எனக்குத் தெரிந்து இந்தப் பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. இப்போது ஜப்பானில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் தயிர் வரிசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கப்பில் கிடைக்கும்.

சரி, உங்கள் மேஜையில் கட்டின குளத்துக்கு வருவோம். ஜெலட்டின் சுமார் முப்பது டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். வாயில் வைத்ததும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் அதுதான். கோவை ஏப்ரலில் குளம் கட்டுவதற்கும் அதுதான் காரணம். இதே தொல்லை 1881-ல் ஜெர்மனியில் கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் இருந்த வால்டர் ஹெஸ்ஸே என்பவருக்கும் வந்தது. கிருமி வளர்க்க அவர் ஜெலட்டின் தட்டுகளைப் பயன்படுத்தினார். வெயில் காலத்தில் தட்டெல்லாம் இளகி ஓடியது. அவர் மனைவி ஃபானி, தான் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் வாழ்ந்த அண்டைவீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பொருள் அது. இன்றைக்கும் உலகத்து ஆய்வகங்களெல்லாம் அந்த அம்மாள் சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கின்றன. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அகர் நாற்பது டிகிரிக்குக் கீழே வந்ததும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். உறைந்தபின் எண்பத்தைந்து டிகிரி வரை இளகாது. உங்கள் ஊர் வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது.

சைனா கிராஸ், கடல்பாசி, அகர் அகர் எல்லாம் ஒன்றுதான். ஜப்பானில் 'கான்தென்', குளிர்ந்த வானம் என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் கியோட்டோ பக்கம் ஃபுஷிமியில் ஒரு விடுதிக்காரர், மிஞ்சின பாசிக்கூழைப் பனிக்கால ராத்திரியில் வெளியே போட்டுவிட்டாராம். அது இரவில் உறைந்து, பகலில் நீர் வடிந்து, சில நாளில் காய்ந்த சக்கையாகக் கிடந்ததாம். எடுத்துக் கொதிக்க வைத்தால் மறுபடி ஜெல்லியானது, அதுவும் பாசி நாற்றம் இல்லாமல். கதை எப்படியோ, முறை உண்மை. நாகானோ மாநிலத்தில் சினோ பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் குளிர்காலத்தில் இப்போதும் அப்படித்தான் காயவைக்கிறார்கள். நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்து மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் ஆலைகளுக்குத்தான் போகின்றன. ஆக, உங்கள் சைவத்துக்கு ஒரு பங்கமும் இல்லை.

ஒரு சங்கதி. ஜப்பானில் கடைக்குப் போய் "அகர்" என்று கேட்டு வாங்கிவந்து, எந்த அளவில் செய்தும் எனக்குச் சரியாக வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே 'அகா' என்ற பெயரில் விற்பது அகரே அல்ல. வேறொரு பாசியிலிருந்து எடுக்கிற கராஜீனனும் ஒரு விதைப் பசையும் சேர்ந்த பொடி. கண்ணாடி மாதிரி தெளிவாக வரும். அகர் வேண்டுமென்றால் 'கான்தென்' என்று கேட்க வேண்டும். யாராவது ஜப்பானிலிருந்து வாங்கி வந்தால் உறையைக் கவனியுங்கள்.

ரப்பருக்குக் காரணம் அளவு. உங்கள் பாக்கெட் ஒரு லிட்டர் பாலைக் கெட்டிப்படுத்தக்கூடியது. அதை அரை லிட்டரில் போட்டு, கொதிக்கவிட்டு வற்றவும் வைத்தீர்கள். அகர் வாயில் கரையாது, உடையத்தான் செய்யும். அதனால் அது தளரத் தளர இருக்க வேண்டும். அரை லிட்டர் ஜெல்லிக்கு நூல் நூலாக வருகிற சைனா கிராஸ் ஐந்து கிராம் போதும், பாக்கெட்டில் சரிபாதி. பொடி என்றால் இரண்டரை கிராம். தட்டை ஆட்டினால் ஜெல்லி நடுங்க வேண்டும்.

நூலை நறுக்கி அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிழிந்து, 250 மில்லி புதுத் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் காய்ச்சுங்கள். பத்து நிமிடமானாலும் சரி, ஸ்பூனில் எடுத்துப் பார்த்தால் ஒரு துணுக்குகூடத் தெரியக் கூடாது. அவசரப்பட்டால் ஜெல்லியில் நரம்பு ஓடும். சர்க்கரை மூன்று மேஜைக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். காபி இதற்குப் பிறகுதான். காபியைக் கொதிக்க வைத்ததால்தான் உங்களுக்குக் கருகின வாசம் வந்தது. டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுகிறவரை நம் பாட்டிகள் வீட்டில் சேர்த்திருப்பார்களா?

சூடான காபி 300 மில்லி எடுத்து அதில் ஊற்றிக் கலக்குங்கள். சூடு முக்கியம். ஆறின காபியை ஊற்றினால் அகர் அங்கங்கே திரிதிரியாக உறைந்துவிடும். பாதி கெட்டி டிகாக்‌ஷன், பாதி வெந்நீர் என்று கலந்துகொள்ளலாம். குடிக்கிற காபியைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் சில்லென்று சாப்பிடும்போது மணமும் இனிப்பும் மந்தமாகிவிடும். சிக்கரி கலந்த தூள் வேண்டாம் என்பது என் கட்சி. டம்ளரில் சிக்கரிக்கு நான் எதிரி இல்லை. ஜெல்லியில் மட்டும் அது நிறத்தைக் கலங்கலாக்கி, சுவையைக் கருகல் வெல்லத்தின் பக்கம் இழுத்துப் போகிறது. கடையில் தனிக் காபித்தூள் கால் கிலோ அரைத்து வாங்குங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால் இன்ஸ்டன்ட் காபி நாலைந்து டீஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஜப்பானிய வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள், யாரும் வெட்கப்படுவதில்லை.

தட்டையான பாத்திரத்தில் வடிகட்டி ஊற்றி, மேலே நிற்கிற நுரையை ஸ்பூனால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அது அப்படியே உறைந்து, தேமல் மாதிரி இருக்கும். வெளியிலேயே உறையட்டும், அப்புறம் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். பரிமாறுமுன் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

க்ரீம் விஷயம். நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீம் கொஞ்சம் கெட்டி. அதில் இரண்டு ஸ்பூன் குளிர்ந்த பாலை விட்டு, ஊற்றினால் ஓடுகிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜப்பானில் பல கடைகளில் விரல்நுனிக் கப்பில் தருகிற 'க்ரீம்' பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். அதில் புகழ்பெற்ற ஒன்றின் பெயர் 'ஸுஜாத்தா'. முதன்முதலில் உறையில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. நகோயாக்காரர்களின் தயாரிப்பு. ஞானம் பெறுமுன் புத்தருக்குப் பாற்சோறு கொடுத்தாளே சுஜாதை, அவள் பெயர்தான். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றலாமா என்று உங்கள் மகள் கேட்பாள். பிலிப்பைன்ஸில் அப்படித்தான், க்ரீமும் கண்டென்ஸ்டு மில்க்குமாகத் துண்டுகளைப் புரட்டிவிடுவார்கள். ருசிதான். ஆனால் முதல் கிண்ணத்தை இல்லாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

மிஞ்சினால் மூடிவைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். அகர் ஜெல்லி நாளாக நாளாகத் தண்ணீர் விடும். இன்னொன்று, ஜெல்லி என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து மகளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள். கிண்ணத்தில் இருப்பது முழுக்கக் காபி. மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும்.