அழகான படம் மட்டும் போதுமா?

கேள்வி: சமையலறையை மாடுலராக மாற்ற ஒரு டிசைனரிடம் பேசியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் அவர் காட்டிய த்ரீ-டி படம் பிரமாதமாக இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தச்சரால் ஒரு பலகைகூட அறுக்க முடியாது. அளவு குறித்த தரைப்படம், ஒவ்வொரு சுவருக்கும் தனிப்படம், பிளக் பாயின்ட்டும் குழாயும் எங்கே வரும் என்று காட்டும் படம், இவை மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

வந்ததும் முதலில் மூலையைப் பாருங்கள். 'எல்' வடிவ மேடையில் இரு பக்க டிராயர்களும் மூலை வரை ஒட்டி வந்தால், ஒன்றை இழுக்கும்போது அது பக்கத்து டிராயரின் கைப்பிடியில் இடித்து நிற்கும். இரு பக்கமும் மூலையில் இடைவெளி விட்டு, அதை மூடும் 5 செ.மீ. ஃபில்லர் பட்டை வைத்திருந்தால் தப்பித்தீர்கள். த்ரீ-டி படத்தில் இது தெரியாது. அதில் எல்லாக் கதவும் மூடியே இருக்கும்! ஃபிரிட்ஜும் அப்படித்தான். சுவரை ஒட்டி நிறுத்தினால் கதவு முழுக்கத் திறக்காது, உள்ளே காய்கறி டிரே பாதியில் சிக்கும்.

அளவு எப்போது எடுத்தார் என்றும் கேளுங்கள். பூச்சும் டைல்ஸும் முடியும் முன்பே எடுத்திருந்தால், ஒரு பக்கச் சுவரிலேயே 2, 3 செ.மீ. போய்விடும். செய்து வந்த பெட்டி உள்ளே நுழையாது.

ஒப்பந்தத்தில் பிளைவுட்டின் தரம், கீல், டிராயர் சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) எந்த கம்பெனி, எந்த மாடல் என்று இருக்க வேண்டும். "தரமான பொருள்" என்று மட்டும் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். கடைசித் தவணையை, எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: மேடை எவ்வளவு உயரம் இருக்கலாம்?

பதில்: வழக்கமாக 85 முதல் 90 செ.மீ. அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து 10 முதல் 15 செ.மீ. கழியுங்கள், அதுதான் அவருக்கான உயரம். சிங்க் தொட்டியின் அடிப்பகுதி மேடையைவிடத் தாழ்ந்திருப்பதால், பாத்திரம் கழுவும்போதுதான் முதுகு அதிகம் வளையும். முடிந்தால் அந்தப் பகுதியை மட்டும் சற்று உயர்த்துங்கள்.

கேள்வி: சிங்க்குக்கு அடியில் எம்.டி.எஃப். போடலாமா?

பதில்: வேண்டாம். எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. குழாய்க்காகத் துளை போட்ட இடத்தில் பலகை வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும். அந்த வழியே ஈரம் இறங்கினால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டு, துளை விளிம்பைச் சிலிக்கானால் அடைக்கச் சொல்லுங்கள்.