மருந்துக்கடையில் பிறந்த பரலோகப் பாட்டு

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஓர் அடக்க ஆராதனையில் 'இன் தி ஸ்வீட் பை அண்ட் பை' பாடினார்கள். இதை எழுதியவர் தம் குழந்தை இறந்த இரவில் எழுதினார் என்று பேசியவர் சொன்னதும் அழுதுவிட்டேன். உண்மையா? பரலோகப் பாட்டெல்லாம் ஏழைகளை ஏமாற்றத்தான் என்கிறான் என் நண்பன். இதைத் தமிழில் எப்படி மொழிபெயர்க்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

அப்படி ஓர் இரவு இந்தப் பாட்டின் கதையில் இல்லை. 1873இல் கப்பல் விபத்தில் நான்கு மகள்களைப் பறிகொடுத்த ஸ்பாஃபோர்டு என்ற அமெரிக்கர் எழுதியது வேறு பாட்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டார்களோ என்னவோ. ஆனால் உங்களைக் கேட்கிறேன், ஒரு பாட்டுக்கு அழ உங்களுக்கு ஒரு குழந்தையின் பிணம் எதற்கு? சாவு இல்லையென்றால் பாட்டு மட்டமாகிவிடுமா?

நடந்தது 1868இல், அமெரிக்காவில் விஸ்கான்சினின் எல்க்ஹார்ன் என்ற சிற்றூரில். சான்ஃபோர்டு பென்னட் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் எழுதுவார், நண்பர் ஜோசப் வெப்ஸ்டர் மெட்டுப் போடுவார். உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பாடித் தீர்த்த 'லொரீனா'வின் மெட்டு வெப்ஸ்டருடையது. ஆனால் மனுஷன் அடிக்கடி மனம் சோர்ந்துபோவார். ஒருநாள் கடைக்குள் வந்தவர் ஒன்றும் பேசாமல் கணப்படுப்பின் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்னவென்று கேட்டார் பென்னட். ஒன்றுமில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றார் வெப்ஸ்டர்.

அந்தப் 'போகப்போக'தான் 'பை அண்ட் பை'. வானத்திலிருந்து இறங்கிய வார்த்தை இல்லை, அலுத்துப்போனவன் வாயிலிருந்து வந்தது. பென்னட் மேசையில் உட்கார்ந்து மூன்று சரணமும் பல்லவியும் எழுதி நீட்டினார். வெப்ஸ்டர் படித்தார், முகம் மாறியது, பிடிலைக் கேட்டு வாங்கினார். அதற்குள் வேறு இரண்டு நண்பர்கள் வந்துவிட, எழுத ஆரம்பித்து அரைமணிக்குள் நால்வரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பென்னட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெப்ஸ்டர் சோர்ந்திருந்தால் ஒரு புதுப் பாட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும், தெளிந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். ஆறுதல் சொல்லவில்லை, ஜெபிக்கலாம் வா என்று கூப்பிடவில்லை. வேலை கொடுத்தார். சிகாகோவில் படித்து அவர் டாக்டரானது 1874இல்தான். முதல் மருந்துச்சீட்டை அதற்கு முன்பே எழுதிவிட்டார் என்பேன்.

உங்கள் நண்பர் சொல்வது புதிதல்ல. செத்தபிறகு வானத்தில் பலகாரம் கிடைக்குமாம் என்று தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில் 1911இலேயே இதே மெட்டில் கேலி பாடிவிட்டார். நல்ல கேலிதான், இருக்கட்டும். 1915இல், உலகப்போரின் நடுவே, லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்ட செய்தி வந்த அன்று, நியூயார்க்கின் ஹானோவர் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குக் கீழே தெருவாத்தியம் ஒன்று இந்த மெட்டை வாசிக்க, நிலையத்தில் நின்ற கூட்டமே சேர்ந்து பாடியதை இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். மண்வெட்டிக்காரரும் பாடினார், வங்கிக்காரரும் பாடினார். யார் யாரை ஏமாற்றினார்களாம்?

எனக்கும் ஒரு வெப்ஸ்டர் இருந்தான். ஒரு மாலை வந்து ஜன்னலோரம் அதேபோல முதுகைக் காட்டி நின்றான். நான் ஒருமணி நேரம் நம்பிக்கையைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிப் போய்விட்டான், அப்புறம் வரவேயில்லை. ஆர்மோனியம் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன். என் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அப்போது ஒலிக்காமல் கிடந்தது. அதை எடுத்து அவன் முன்னால் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? இன்னொரு நாள் எழுதுகிறேன்.