காமாலைக்குக் கீழாநெல்லி: அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: டாக்டர், எங்களுக்குக் கடலூர் முதுநகர். என் தம்பிக்கு வயது 26, கம்பெனியில் ஒப்பந்த வேலை. பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே ஓங்கரிப்பு. இப்போது கண்ணும் சிறுநீரும் மஞ்சள். லேபில் பிலிருபின் 7.8 என்று வந்தது. லேப் வாசலிலேயே ஒரு ஆட்டோக்காரர், பக்கத்துக் கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார்கள், மூன்று நாள் வெறும் வயிற்றில் குடித்தால் போதும், கையில் சின்னதாக ஒரு சூடு வைப்பார்கள், இங்கிலீஷ் மருந்து மட்டும் தொடக்கூடாது என்றார். அம்மாவுக்கு அங்கே போகத்தான் விருப்பம். நான் கீழாநெல்லியை வீட்டிலேயே அரைத்துக் கொடுக்கலாம் என்கிறேன். எது சரி? பத்தியம் எத்தனை நாள்? தம்பி மனைவி ஏழு மாதம். அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள்.

பதில்: சூடு வேண்டாம். அந்த ஆட்டோவில் ஏறவும் வேண்டாம். கீழாநெல்லி கொடுப்பதா வேண்டாமா என்பதை இரண்டு நாள் கழித்து முடிவு செய்துகொள்ளலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது எந்தக் காமாலை என்பது நாளைக் காலையில் தெரிந்தாக வேண்டும்.

நான் சித்த மருத்துவம் படித்து, அதையே தொழிலாகச் செய்கிறவன். பச்சிலைக்கு விரோதி அல்ல. ஆனால் காமாலை ஓர் அறிகுறிதான். உடம்பில் பழைய சிவப்பணுக்கள் தினமும் உடைகின்றன. அதில் மிஞ்சும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவதும் அதனால்தான். கல்லீரல் வீங்கினாலும் கண் மஞ்சளாகும், பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் மஞ்சளாகும், ரத்தம் அளவுக்கு மீறி உடைந்தாலும் மஞ்சளாகும். இத்தனைக்கும் ஒரே இலையைக் கொடுக்கிறவர் என்ன பார்த்துக் கொடுக்கிறார்?

நீங்கள் எழுதியிருக்கிற வரிசையை, அதாவது முதலில் காய்ச்சல், குமட்டல், பிறகு மஞ்சள் என்பதைப் பார்த்தால், கல்லீரலை வீங்க வைக்கிற ஹெபடைடிஸ் ஏ அல்லது இ வைரஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டும் சாக்கடை கலந்த தண்ணீரில் வருகிறவை. கெடிலமும் பெண்ணையாறும் பெருகித் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊரில், குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் ஒன்றுக்கொன்று தொட்டுக்கொண்டு ஓடுகிற ஊரில், இதற்கு விளக்கம் தேவையில்லை. கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். அதனால் நேற்றைய பரோட்டாவின் மேல் பழி போட வேண்டாம்.

இந்த இரண்டு வைரஸும் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகும். மஞ்சள் சில நாள் ஏறும், பிறகு இறங்கும், சில வாரங்களில் தெளிந்துவிடும். மருந்து கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். காமாலை வைத்தியர்களின் கைராசி அத்தனையும் இங்கேதான் இருக்கிறது. ஆட்கள் அவர்களிடம் போய்ச் சேர்வதே பத்து, பன்னிரண்டாம் நாள், அதாவது மஞ்சள் இறங்கத் தொடங்குகிற நேரம். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தானாக இறங்காத காமாலையோடு போனவர்களின் கதையை யாரும் ஆட்டோவில் சொல்ல மாட்டார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. உலகம் முழுக்கக் காமாலை வைத்தியம் என்றால், மஞ்சள் வெளியே போவதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். வட இந்தியாவில் நோயாளியின் கையை ஒரு கிண்ணத்தில் கழுவுவார்கள், தண்ணீர் மஞ்சளாகும். கையில் முன்கூட்டியே தடவியது மாம்பட்டைச் சாறு, ஊற்றுவது சுண்ணாம்புத் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் யார் கையிலும் மஞ்சள் வரும். இன்னோர் இடத்தில் தலையில் ஒரு மாலை போடுவார்கள், அது நாளுக்கு நாள் நீண்டு மார்புக்கு இறங்கும். பச்சைக் குச்சிகளைத் துண்டு துண்டாக நூலில் முடிச்சிட்டுக் கட்டிய மாலை அது. குச்சி காய்ந்து சுருங்கச் சுருங்க முடிச்சு தளர்ந்து நூல் நீள்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஒரு செடியை ஒடித்தால் மஞ்சள் பால் வரும், ஆகவே அது காமாலைக்கு மருந்து என்று நூற்றாண்டுகளாகக் கொடுத்தார்கள். செலண்டைன் என்று பெயர். அதே செடியைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை ஜெர்மனி மருத்துவர்கள் பிற்பாடு பதிவு செய்தார்கள்.

இவற்றில் என்னைக் கோபப்படுத்துவது மூக்கில் சாறு விடுவது. கசப்புப் பீர்க்கின் சாற்றை மூக்கில் விட்டால், சற்று நேரத்தில் மூக்கிலிருந்து மஞ்சளாக நீர் ஒழுகும். காமாலை இறங்குகிறது என்பார்கள். துருக்கியிலும் இதே வேலையை ஒரு காட்டு வெள்ளரிச் சாற்றை வைத்துச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே பூசணிக் குடும்பம், இரண்டிலும் இருப்பது சவ்வை அரிக்கிற ஒரே வகைக் கசப்புப் பொருள். ஒழுகுவது வெந்துபோன மூக்குச் சவ்வின் நீர். துருக்கியில் இதனால் உள்நாக்கு வீங்கி மூச்சு அடைத்துப்போய் வந்தவர்கள் உண்டு. சூடும் இப்படித்தான். முன்கையில் வட்டமாக வெந்த தோல், அதன் மேல் சாம்பல், நாலாம் நாள் சீழ். கல்லீரலுக்கும் அந்தப் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஏற்கெனவே தளர்ந்த உடம்புக்கு மேலும் ஒரு தொற்று, அதுதான் மிச்சம்.

"இது நம் பாரம்பரியம், அதைக் குறை சொல்லலாமா?" என்று அம்மா கேட்பார். சரி, பாரம்பரியப்படியே பேசுவோம். சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு: நாடி, தொட்டுப் பார்த்தல், நாக்கு, நிறம், குரல், கண், மலம், மூத்திரம். இவை பார்க்காமல் மருந்து கிடையாது. நம் நூல்களும் காமாலையை ஒன்றாகப் பார்க்கவில்லை, பல வகையாகப் பிரிக்கின்றன. வரிசையில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கிண்ணத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கிறவர், மலம் என்ன நிறம் என்றாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவர் செய்வது சித்த வைத்தியமே அல்ல. மலம் வெள்ளையாக, களிமண் நிறத்தில் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கலாம். அங்கே ஸ்கேன் வேண்டும், சில சமயம் அறுவை வேண்டும். பச்சிலை அங்கே நாளைத்தான் கடத்தும்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். 1988ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கும் அதில் ஒரு கூட்டாளி. வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றார்கள். எங்களுக்கெல்லாம் தலை நிமிர்ந்த செய்தி அது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிருமியைக் கொல்லும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. உங்கள் தம்பிக்கு ஏ அல்லது இ என்று உறுதியாகி, ரத்தம் உறையும் அளவும் சரியாக இருந்து, பார்க்கிற டாக்டரிடமும் சொல்லிவிட்டுக் கொடுத்தால், மோரில் கலந்த கொஞ்சம் கீழாநெல்லிக்கு நான் தடை சொல்ல மாட்டேன். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் காம்போடு காம்பாகச் சின்னச் சின்னக் காய்கள் வரிசையாக இருக்க வேண்டும். வயல் வரப்பில் மருந்து அடித்த இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். கடைப்பொடி என்றால் தயாரிப்பு உரிமம் எண், என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்று தயாரித்தது என்ற மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லீரல் ஏற்கெனவே நொந்திருக்கும்போது இது விளையாட்டுக் காரியமில்லை. நாம் நல்லது என்று நம்புகிற சீந்தில் கொடியைத் தினமும் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களை 2021க்குப் பிறகு மும்பை மருத்துவர்களும் மற்றவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

பத்தியம்: உப்பில்லாத கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்துப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பசிக்கிறதைச் சாப்பிடட்டும். இட்லி, பருப்புச் சாதம், முட்டை, வேகவைத்த மீன், எல்லாம் ஆகும். எண்ணெயைக் கண்டால் குமட்டினால் குறைத்துக்கொள்ளுங்கள், அது போதும். சமையல் மஞ்சளுக்கும் காமாலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரோட்டோரக் கரும்புச்சாறு கூடவே கூடாது. அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீர் என்று தெரியாது. தம்பி குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோயில் வரை போய்க் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய, அதனால் கேட்காமல் இருக்க முடியாது. குடி இருந்தால் மேலே சொன்ன "தானாகச் சரியாகும்" என்பதை அழித்துவிடுங்கள். அது வேறு நோய், நேரே மருத்துவமனைதான்.

லேப் வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ரிப்போர்ட் கையில் வாங்கி, எதுவும் புரியாமல், முகம் வெளுத்து வெளியே வருகிற குடும்பத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். சில மருந்துக் கடைகளிலும் இது உண்டு. இந்தப் பக்கம் புகார் போனால் எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் கொட்டகை போடுவார்கள், அங்கே விரட்டினால் இங்கே. இரண்டு அரசாங்கமும் ஒன்றை ஒன்று கைகாட்டும். ஆனால் ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள்? ஒரு தாளில் எண்ணைப் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு நீட்டிவிட்டு, "அடுத்தது" என்று கூப்பிடுகிறோம். ஒரே வளாகத்தில் சித்தா பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் இருக்கும், ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு நிமிடம் உட்கார வைத்து, "உனக்கு வந்தது இது, இதற்குப் பயப்படு, இதற்குப் பயப்படாதே" என்று சொல்ல எங்களுக்கு மனமில்லாவிட்டால், சூடு வைக்கிறவரைத் திட்டி என்ன பயன்?

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தம்பி மனைவி ஏழு மாதம் என்று. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அதுதான். உங்கள் தம்பிக்கு ஹெபடைடிஸ் இ என்றால், 26 வயது ஆணுக்கு அது சில வாரத்துத் தொல்லை. அதே வைரஸ் கடைசி மூன்று மாதத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கு வந்தால், நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தம்பியிடமிருந்து நேராகத் தொற்றுவது குறைவுதான், ஆனால் அவர் குடித்த தண்ணீரைத்தானே அவளும் குடிக்கிறாள்? அதனால் இன்றைக்கே அவளைப் பராமரிப்பு வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவள் அம்மா வீடு வேறு தெருவில், வேறு தண்ணீரில் இருந்தால் அங்கே அனுப்புங்கள். எங்கே இருந்தாலும் நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர்தான், பல் தேய்க்கவும் அதுதான். தம்பியின் கழிப்பறை, துணி, தட்டு எதையும் அவள் தொட வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அவளுக்குக் குமட்டலோ, சோர்வோ, சிறுநீர் மஞ்சளோ தெரிந்தால், ஏழு மாதத்தில் இதெல்லாம் சகஜம் என்று விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனை. "வீட்டில் எல்லோரும் ஒரு வாய் கீழாநெல்லி குடியுங்கள், முன்னெச்சரிக்கை" என்று யாராவது சொன்னால், அவளுக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம். தம்பிக்கு ஹெபடைடிஸ் பி என்று வந்தால், அது ரத்தம், உடலுறவு வழியாகப் பரவுவது, அவளுக்கும் உடனே பரிசோதனை. அவளுக்கும் இருந்தால், குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அதோடு நோய் எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். பிரசவ அறையில் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அவர்களுக்கு நினைவிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அந்த ரிப்போர்ட்டோடு போங்கள். பிலிருபின் மட்டும் போதாது. எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் எவ்வளவு சேதமாகின்றன என்று காட்டுவது), பிடி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் அளவு), ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ, வயிற்று ஸ்கேன் என்று கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஊசி மருந்து உண்டு, தாமதித்தால் சிறுநீரகம் போகும். 2018லிருந்து பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் மத்திய அரசின் திட்டத்தில் இலவசம். காசு கேட்டால் அதைச் சொல்லுங்கள். இவற்றில் ஐஎன்ஆர்தான் முக்கியம், ரத்தம் உறையக் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அது காட்டும். எஸ்ஜிபிடி இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது இறங்கும்போது பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறினால் கல்லீரல் கைவிடுகிறது என்று அர்த்தம்.

பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருக்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கை நடுங்குகிறது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு நேரே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எந்த வைத்தியரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம்.

மஞ்சள் தெளிந்த பிறகும் வேலை முடியாது. பி என்று வந்திருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அப்போதும் கிருமி போகவில்லை என்றால் அது நீடித்த தொற்று, கண் வெள்ளையாக இருந்தாலும் கல்லீரல் டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்தது 2011ல்தான். உங்கள் தம்பி வயசுக்காரர்கள் பெரும்பாலும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வீட்டில் பி இல்லாதவர்கள் எல்லோரும் அந்தத் தடுப்பூசியின் மூன்று தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள்.