மூணு மாசமா கார்டு கட்டல, பேங்க்ல பேசுனா குறைப்பாங்களா?

கேள்வி: அக்கா, நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் செம்பனை ஆலையில வேலை செய்றேன், கைக்கு வர்ற சம்பளம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டு பேங்க் கிரெடிட் கார்டுல 5,200, 4,600னு மொத்தம் 9,800 வெள்ளி நிக்குது. வீட்டுக்காரருக்கு லோரியில ட்ரிப் கொறைஞ்சு போச்சு, மூணு மாசமா ஒரு காசு கட்டல. வசூல் ஆளுங்க ஆலை ஆபீஸ்க்கே போன் போட்டு கிராணிகிட்ட (ஆபீஸ் கிளார்க்) விஷயத்தை சொல்லிட்டாங்க, பேங்கரப்ட் ஆக்கிடுவோம்னு மிரட்டல் வேற. வாட்ஸ்அப்ல ஒரு ஏஜெண்ட் 800 வெள்ளி கொடுத்தா கடனை பாதியாக்கித் தரேன்றான். சங்கிலிய அடகு வைக்கட்டுமா, இல்ல இபிஎஃப்ல எடுக்கக்கூடிய கணக்குல இருக்கிற 2,300ஐ எடுத்துக் கட்டிடவா? எல்லா செலவும் போக மாசம் 350 மிஞ்சும். பேர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பேங்கரப்ட் கதைய ஓரமா வைங்க. 2021ல சட்டத்தை திருத்துனதுல இருந்து 1 லட்சம் வெள்ளி கடன் இருந்தாதான் ஒருத்தரை திவாலாக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போக முடியும், உங்களுக்கு அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. போலீஸ் வரும்னு சொன்னாலும் பயப்படாதீங்க, கார்டு கடன் சிவில் விஷயம், அதுக்கு யாரும் பிடிச்சு உள்ள வைக்க மாட்டாங்க. ஆனா பேங்க் சிவில் கேஸ் போடலாம், அது நிஜம், கோர்ட் சம்மன் வந்துச்சுன்னா அதை அலமாரிக்குள்ள போட்டுட்டு சும்மா இருந்தீங்கன்னா நீங்க இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவாங்க, அப்புறம் பேரம் பேச உங்க கையில ஒண்ணும் இருக்காது.

இப்ப கணக்குக்கு வருவோம். தவறாம கட்டுறவங்களுக்கு வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம், விட்டு விட்டு கட்டுனா 18 வரைக்கும் போகும், நீங்க இப்ப 18லதான் இருப்பீங்க. 9,800க்கு அது மாசம் 147 வெள்ளி. அதுக்கு மேல தாமதக் கட்டணம், பாக்கியில 1 சதவீதம், ஒரு கார்டுக்கு 100 வெள்ளிக்கு மேல போகாது, உங்க ரெண்டு கார்டுக்கும் சேர்த்து 98. ஆக ஒண்ணும் வாங்காமலே மாசம் கிட்டத்தட்ட 245 வெள்ளி ஏறிக்கிட்டே இருக்கு. பேங்க் கேக்கிற மினிமம் பாக்கியில 5 சதவீதம், அதாவது 490, உங்ககிட்ட இருக்கிறதோ 350. அதனாலதான் கட்ட முடியாம விட்டுட்டீங்க, சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, அதே 9,800ஐ 18 சதவீத வட்டிக்கே மூணு வருஷத் தவணையா பிரிச்சாலும் மாசம் 354தான் வருது, வட்டிய 8க்கு இறக்குனாங்கன்னு வச்சுக்கிட்டா நாலு வருஷத்துக்கு மாசம் 240 போதும். உங்க கடன் கட்டவே முடியாத கடன் இல்ல, மாட்டியிருக்கிற ஸ்கீம்தான் உங்களுக்கு ஒத்து வரல.

அதனால போன் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க நம்பரை நீங்க முடிவு பண்ணிடணும். 350 மிஞ்சுதுன்னா 350ன்னு சொல்லாதீங்க, பிள்ளைக்கு காய்ச்சல் வரும், மோட்டாருக்கு டயர் போகும், 300ன்னு வைங்க, ரெண்டு பேங்க்குக்கும் பாக்கி எவ்வளவோ அந்த அளவுக்குப் பிரிச்சா 160, 140. சம்பள சீட்டு மூணு மாசத்தது, வீட்டுக்காரரோட சம்பளம் கொறைஞ்சதுக்கு முதலாளி கொடுத்த எதுவாச்சும், மாச செலவு எழுதுன ஒரு தாள், இதெல்லாம் மேசையில வச்சிக்கிட்டு வசூல் ஆளுக்கு இல்ல, பேங்க்குக்கே நேரா கூப்பிடுங்க. கார்டு பிரிவுல எடுப்பாங்க, "சாயா நாக் மொஹோன் பென்ஜாடுவாலான் செமுலா"ன்னு (கடன் தவணைய மாத்திக் கொடுக்கச் சொல்லி கேக்கிறேன்னு அர்த்தம்) சொன்னா சரியான ஆள்கிட்ட தள்ளி விடுவாங்க. அழுது கதை சொல்றதுல நேரம் போகும், வருமானம் இது, செலவு இது, மாசம் இவ்வளவு என்னால முடியும், வட்டிய குறைச்சு தாமதக் கட்டணத்தை தள்ளுபடி பண்ணி தவணையா மாத்திக் கொடுங்கன்னு நாலு வாக்கியத்துல முடிச்சுடுங்க. ஒவ்வொரு பேங்க்கும் 250 கட்டுங்கம்பாங்க, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) துணி விலை கேக்கிற மாதிரிதான், உங்க தொகையிலயே நில்லுங்க. போன்ல சரின்னு தலையாட்டிட்டு ரெண்டாவது மாசமே தவறுனா முதல்ல இருந்ததை விட மோசமாயிடும். பேசுன ஆள் பேர், தேதி, நேரம் எழுதி வைங்க.

அசலை வெட்டுவாங்களான்னு கேட்டா, மூணு மாசத்துல அசல்ல கை வைக்கிறது அபூர்வம்னுதான் நான் சொல்வேன். கட்டணமும் வட்டியில ஒரு பகுதியும்தான் முதல்ல விட்டுக் கொடுப்பாங்க. கடன் பழசாகி வசூல் கம்பெனிக்குப் போனப்புறம் பெரிய தள்ளுபடி கிடைக்கும்னு சிலர் காத்திருப்பாங்க, அதுவரைக்கும் வட்டி ஏறும், வக்கீல் கடிதம் வரும், சிசிஆர்ஐஎஸ்ல, அதாவது பேங்க்குங்க பாக்கிற கடன் பதிவுல, உங்க கட்டாத மாசங்கள் வரிசையா நிக்கும், நாளைக்கு ஒரு காடி லோன் கேட்டா பேங்க் முதல்ல பாக்கிறது அதைத்தான். மூணு மாசம் தாண்டுனாலே பேங்க் கணக்குல அது வாராக்கடன் பக்கம் போயிடும், அதனால இந்த வாரமே கூப்பிடுங்க.

என்ன ஒத்துக்கிட்டாலும் பேங்க் கடிதம் கைக்கு வராம காசு அனுப்பாதீங்க. மொத்தமா ஒரு தொகைய கட்டி முடிக்கிற பேச்சுன்னா, இந்தத் தொகையோட கணக்கு முடிஞ்சது, மீதி எதுவும் கேக்க மாட்டோம்னு அதுல இருக்கணும், கட்டுனப்புறம் விடுதலைக் கடிதமும் கேட்டு வாங்கிடணும்.

பேங்க் பிடி கொடுக்கலைன்னா, இல்ல ரெண்டு இடத்துல தனித்தனியா மல்லுக்கட்ட தெம்பு இல்லைன்னா, ஏகேபிகேகிட்ட போங்க. கடன்ல மாட்டுனவங்களுக்கு உதவ 2006ல பேங்க் நெகாரா, நம்ம நாட்டு மத்திய வங்கி, ஆரம்பிச்ச அமைப்பு, ஆலோசனைக்கு காசு இல்ல. உங்க செலவை உக்காந்து கணக்குப் பாத்து, ரெண்டு பேங்க்கையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டு அவங்களே பேசுவாங்க. கார்டை கொடுத்திடணும், திட்டம் முடியிற வரைக்கும் புது கடன் எடுக்க முடியாது, சிசிஆர்ஐஎஸ்லயும் தெரியும். உங்க நிலைமைக்கு அது ஒண்ணும் பெரிய இழப்பு இல்லன்னு எனக்குப் படுது. மாசம் கொஞ்சமாவது மிஞ்சணும்கிறதுதான் அவங்க பாக்கிறது, உங்களுக்கு மிஞ்சுது. இதையே அந்த வாட்ஸ்அப் ஏஜெண்ட் 800க்கு விக்கிறான், அவனை பிளாக் பண்ணுங்க, ஐசி (அடையாள அட்டை) படம் அனுப்பியிருந்தா இனிமே எதையும் அனுப்பாதீங்க. ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) வாங்கி அடைக்கலாம்னு யாராச்சும் சொன்னா காதுலயே வாங்காதீங்க.

சங்கிலி பெட்டியிலயே இருக்கட்டும். அடகுக்கடை வட்டி மாசம் 2 சதவீதம் வரைக்கும் போகும், வருஷத்துக்கு 24, கார்டு வட்டிய விட ஜாஸ்தி, மீட்காம விட்டா சங்கிலியும் போயிடும். இபிஎஃப் பணம் வேற மாதிரி. 2024 மே மாசத்துல இருந்து நீங்க சொல்ற அந்த எடுக்கக்கூடிய கணக்குல, அக்காவுன் பிளக்சிபெல்ல, இருந்து எப்ப வேணா எடுக்கலாம், ஆனா மினிமம் கட்டுறதுக்கு எடுத்தா அஞ்சு மாசத்துல கரைஞ்சு போயிடும். முதல் போன்ல இந்த 2,300 பத்தி மூச்சு விடாதீங்க. தவணை பேசி அவங்க பிகு பண்ணா, 4,600 பேங்க்குகிட்ட மட்டும், தாமதக் கட்டணம் எல்லாம் தள்ளுபடி பண்ணுனா பாதிய இப்பவே கட்டுறேன், மீதிய தவணையா எடுத்துக்குங்கன்னு சொல்லிப் பாருங்க. ஒத்துக்கிட்டு கடிதம் கொடுத்தா மட்டும் எடுங்க, இல்லன்னா அது அங்கேயே இருக்கட்டும்.

கிராணிகிட்ட சொன்னாங்க பாருங்க, அது தப்பு, உங்க கடன் விவரத்தை மூணாவது ஆள்கிட்ட சொல்லக்கூடாது. தேதியோட எழுதி பேங்க்கோட புகார் பிரிவுக்கு அனுப்புங்க, பதில் சரியில்லைன்னா பேங்க் நெகாராவுக்கே புகார் பண்ணலாம். அந்தப் புகார் போனதுக்கு அப்புறம் பேரம் பேசுறப்ப குரல் கொஞ்சம் மாறும்னு வேற நினைக்கிறேன்.

தவணை ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு கார்டையும் ரத்து பண்ணச் சொல்லி எழுத்துல கொடுங்க, கத்தரிக்கோலால வெட்டிப் போட்டா மட்டும் பத்தாது, கணக்குல கார்டு உயிரோட இருக்கிற வரைக்கும் வருஷத்துக்கு 25 வெள்ளி சேவை வரி ஒவ்வொரு கார்டுக்கும் வந்து ஏறும்.