ஹாலுக்கு வளைஞ்ச டிவி வாங்கலாமா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம் சார்

கேள்வி: திண்டுக்கல் பக்கத்துல புது வீடு கட்டியிருக்கோம், அடுத்த மாசம் பால் காய்ச்சறோம். ஹால் 11 அடிக்கு 15 அடி. கடையில ஒரு 55 இன்ச் கர்வ்டு ஸ்மார்ட் டிவி காட்டினாங்க, பெரிய கம்பெனிதான், டிஸ்ப்ளே பீஸ்ங்கறதால 36,000-க்கு தர்றோம்னு சொன்னாங்க. வளைஞ்சிருக்கறதால தியேட்டர் மாதிரி இருக்கும், கண்ணுக்கும் நல்லதாம். வீட்ல அம்மா அப்பாவோட சேத்து அஞ்சு பேர். 2,000 ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டேன். வாங்கலாமா?

பதில்: வேணாம் சார். அட்வான்ஸ் விஷயத்துக்கு கடைசியில வர்றேன்.

முதல்ல அந்த வளைவு. இந்த டிவிங்க வந்தது 2013-ல, சாம்சங்கும் எல்ஜியும் போட்டி போட்டுக்கிட்டு காட்டினாங்க. எல்ஜி 2017-லயே நிறுத்திட்டாங்க, சாம்சங் 2020 மாடலோட ஓரங்கட்டிட்டாங்க. ரெண்டு பேரும் ஏன் விட்டாங்க? வீட்ல உக்காந்து பாத்தவங்களுக்கு பெருசா வித்தியாசம் தெரியல, அவ்ளோதான். இந்த வளைவைப் பெரும்பாலும் 4200ஆர்னு சொல்லுவாங்க, அதாவது 4.2 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வட்டத்துல வெட்டி எடுத்த துண்டு. வட்டத்தோட நடுவுல கண்ணு இருந்தாத்தான் ஸ்கிரீனோட எல்லா இடமும் ஒரே தூரத்துல இருக்கும், அப்படின்னா நீங்க 14 அடி தள்ளி உக்காரணும். உங்க 11 அடி அகலத்துல சோபா, டிவி ஸ்டாண்டு எல்லாம் போக ஏழு ஏழரை அடிதான் மிஞ்சும். சரி, ஹால் நீளத்துல போட்டு 14 அடி தள்ளி உக்காருவோம்னு வச்சுக்குவோம், அங்கருந்து 55 இன்ச் டிவி உங்களுக்கு காலண்டர் மாதிரி தெரியும். தியேட்டராவது ஒண்ணாவது.

தியேட்டர்ல ஸ்கிரீன் வளைஞ்சிருக்குன்னு கடைக்காரர் சொல்றது பொய்யில்ல, ஆனா அது நாப்பது அடி அகலம். உங்க டிவியோட அகலம் நாலு அடி. அந்த நாலு அடியில வளைவோட மொத்த ஆழமே ஒன்றே முக்கால் இன்ச்தான், வேணும்னா கடையில ஸ்கிரீனுக்கு குறுக்கால ஒரு நூலை இழுத்துப் புடிச்சுப் பாருங்க. ஏழரை அடி தூரத்துல இந்த ஒன்றே முக்கால் இன்ச் கண்ணுக்கு என்ன நல்லது பண்ணிரும்?

கெட்டது பண்ணும், அதை மட்டும் நானே நேர்ல பாத்திருக்கேன். சர்வீஸுக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், டிவிக்கு எதிர் செவுத்துல டியூப் லைட். சாதா டிவின்னா அந்த லைட்டு ஒரு கோடா ஒரு இடத்துல தெரியும், கொஞ்சம் நகந்து உக்காந்தா போயிரும். இந்த வளைஞ்ச டிவியில அது வில்லு மாதிரி இழுத்துக்கிட்டு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நின்னுச்சு. நியூஸ் வாசிக்கறவங்க நெத்தியில பட்டை போட்ட மாதிரி. அந்த வீட்டுக்காரம்மா டிவி போட்டா லைட்ட அணைச்சிருவாங்களாம், லைட்டப் போட்டா பேரன் கத்துவானாம்.

அப்புறம் நம்ம வீடுகள்ல யாரு சார் டிவிக்கு நேரா உக்காந்து பாக்கறா? அப்பா ஓரத்துல ஈஸி சேர்ல, அம்மா கிச்சன் வாசப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டே சீரியல், பிள்ளைங்க தரையில படுத்துக்கிட்டு. வளைஞ்ச எல்இடி டிவியில பெரும்பாலும் விஏங்கற வகை பேனல்தான் (படம் தெரியற திரை) போட்டிருப்பாங்க, நேரா பாத்தா கருப்பு நல்ல கருப்பா இருக்கும், சைடுலருந்தும் கீழருந்தும் பாத்தா சாயம் போன துணி மாதிரி வெளுக்கும். பத்தாததுக்கு உங்க பக்கத்து ஓரம் முன்னாடி வளைஞ்சு நிக்கறதால அந்தப் பக்கப் படம் குறுகித் தெரியும். அஞ்சு பேர் வீட்ல ஒருத்தருக்கு மட்டும் நல்ல சீட்டு.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை நான் விளக்கமா சொல்லியே ஆகணும், இல்லன்னா நாளைக்கு உங்க பையன் கம்ப்யூட்டருக்கு கர்வ்டு மானிட்டர் கேக்கும்போது என் பேரைச் சொல்லி வேணாம்பீங்க. மானிட்டர் வேற, டிவி வேற. 34 இன்ச் அகல மானிட்டர் ஒண்ணு எடுத்துக்கோங்க, அகலம் 80 சென்டிமீட்டர் இருக்கும், அவன் உக்கார்றது 70 சென்டிமீட்டர்ல, அதாவது கை நீட்டினா தொடற தூரம். மானிட்டர் தட்டையா இருந்தா நடுவை விட ஓரம் கண்ணுக்கு 10 சென்டிமீட்டர் கூடுதல் தூரம், நூத்துக்கு பதினஞ்சு. உங்க டிவியில இதே கணக்கு போட்டா நூத்துக்கு மூணரைதான் வருது. அதனாலதான் மானிட்டர்ல 1800ஆர், 1500ஆர், 1000ஆர்னு நல்லா வளைக்கறாங்க, 1000ஆர்னா ஒரு மீட்டர் ஆரம், ஆளும் கிட்டத்தட்ட அந்த தூரத்துலதான் உக்காந்திருக்கான், நேரா உக்காந்திருக்கான், தனியா உக்காந்திருக்கான். மூணுமே பொருந்துது. கேம் ஆடறவனுக்கும், ரெண்டு மூணு எக்செல் ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு வேலை பாக்கறவங்களுக்கும் அது உண்மையிலேயே சவுகரியம், கழுத்தைத் திருப்பற வேலை குறையும். அதனால பையன் கேட்டா வாங்கிக் குடுங்க. ஹாலுக்கு வேணாம்.

இப்ப அந்த டிஸ்ப்ளே பீஸுக்கு வர்றேன். எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான்.

டிவி பின்னாடி ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும். சாம்சங்னா யுஏ55-க்கு அப்புறம் ரெண்டு எழுத்து வரும், அதைப் பாருங்க. எம்யுன்னா 2017, என்யுன்னா 2018, ஆர்யுன்னா 2019, டியுன்னா (TU) 2020. உங்க பீஸ் இதுல ஒண்ணா இருந்தா, டிவியோட வயசு என்னன்னு நீங்களே கழிச்சுப் பாத்துக்கோங்க. வேற கம்பெனின்னா ஸ்டிக்கர்லயோ அட்டைப் பெட்டியிலயோ தயாரிச்ச மாசம் வருஷம் போட்டிருக்கணும், அட்டைப் பெட்டியே இல்லங்கறாங்களா, கிளம்பி வந்துருங்க.

டிஸ்ப்ளே பீஸ்னா தொடாம வச்சிருந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. காலையில பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினா ராத்திரி ஒம்பது பத்து வரைக்கும் ஓடும், அதுவும் ஸ்டோர் மோடுல, வெளிச்சத்தை முழுசா ஏத்தி வச்சு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னா வருஷத்துக்கு 4,380 மணி நேரம். உங்க வீட்ல நாலு மணி நேரம் ஓட்டினா மூணு வருஷம் ஓடறதை அது ஒரே வருஷத்துல ஓடி முடிச்சிருக்கு. எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு நிறைய மாடல்ல சர்வீஸ் மெனுவுக்குள்ள பதிவா இருக்கும், தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா பாத்துச் சொல்லுவார், நீங்களா யூடியூப் பாத்து உள்ள போய் எதையும் அமுக்கிராதீங்க.

இன்னொண்ணு, பேனலை வளைச்சு வச்சதால கண்ணாடி எப்பவும் ஒரு இறுக்கத்துலயே இருக்கும். அதனால மூலைகள்ல வெளிச்சம் கசியறது இந்த டிவிங்கள்ல சகஜம். ஒரு பென் டிரைவ்ல சுத்தக் கருப்பு படம் ஒண்ணு, சாம்பல் கலர் படம் ஒண்ணு போட்டு எடுத்துட்டுப் போங்க, கடை லைட்டை அணைக்கச் சொல்லிட்டுப் பாருங்க, கருப்புல மூலை வெள்ளையா தெரியுதா, சாம்பல்ல கோடு, திட்டு தெரியுதான்னு. அவங்க ஓட்டற டெமோ வீடியோவை நம்பாதீங்க, மயில் தோகை எந்த டிவியிலயும் அழகாத்தான் இருக்கும். உங்க வீட்டு கேபிள்ல வர்ற சேனலைப் போடச் சொல்லுங்க, முக்கியமா பழைய படம் ஓடற, ஹெச்டி இல்லாத எஸ்டி சேனல், 4கே டிவியில அது எவ்ளோ கஞ்சி மாதிரி தெரியுதுன்னு அப்பத்தான் விளங்கும். ஸ்மார்ட் டிவின்னு சொல்றதுக்கும் மயங்காதீங்க, பழைய மாடல்ல அந்தந்த வருஷத்து சாஃப்ட்வேரே நின்னு போயிருக்கும், நாளைக்கு ஒரு ஆப் திறக்கலன்னா எப்படியும் ஸ்டிக் ஒண்ணு வாங்கி ஹெச்டிஎம்ஐ-ல சொருகத்தான் போறீங்க.

வாங்கிட்டீங்க, மூணாவது வருஷம் ஸ்கிரீன்ல நெட்டுக்கு ஒரு கோடு விழுது, என்ன ஆகும்னு கேளுங்க. டிவி விலையில பாதிக்கு மேல பேனல்தான். தட்டை டிவிக்கு பேனல் எங்கயாச்சும் கிடைக்கும், நிறுத்திட்ட கர்வ்டு மாடலுக்கு எங்க போறது? சர்வீஸ் சென்டர்ல ஸ்டாக் இல்லன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. அப்பத்தான் நடுவுல ஒருத்தர் வருவார், பேனலை நாங்க கழட்டி பாண்டிங் பண்ணித் தர்றோம் சார், எட்டாயிரம்தான்னு. பாண்டிங்னா பேனல் ஓரத்துல இருக்கற மெல்லிசு ரிப்பன் கேபிளைத் திரும்ப ஒட்டறது. முறையா மெஷின் வச்சு பாண்டிங் பண்ற ஆளுங்களும் இருக்காங்க, ஆனா தெருவுல பாதிப் பேரு பண்றது கோடு வர்ற லைனை கட் பண்ணியோ டேப் ஒட்டியோ விடறது, மூணு மாசத்துல ரெண்டு கோடா திரும்பி வரும். ஆளைத் தேடினா போன் ஸ்விட்ச் ஆஃப்.

இதைவிட மோசம், கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடறது. தேடி மேல வர்ற நம்பருக்கு அடிச்சா கம்பெனி பேரைச் சொல்லியே எடுப்பாங்க, ஆள் வீட்டுக்கே வருவார், போர்டைக் கழட்டிட்டுப் போவார், அப்புறம் பாத்தா அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. நம்பரை பெட்டியிலயோ வாரண்டி கார்டுலயோ பாத்து அடிங்க. பில்லு போடும்போது கவுன்டர்ல விக்கற அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியும் இதே கதைதான், விக்கறது டிவி கம்பெனி இல்ல, வேற ஒருத்தர். உள்ள பொடி எழுத்துல பேனலுக்குப் பொருந்தாது, தேய்மானம் கழிப்போம்னு போட்டிருக்கும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அப்படி ஒண்ணு வாங்கி, 42,000 ரூபா டிவிக்கு கடைசியில 6,000-க்கு கூப்பன் குடுத்தாங்க, அதுவும் அவங்க கடையிலயே செலவு பண்ணணுமாம்.

அவருக்காக நானே கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் கூடப் போனேன். 2019 சட்டத்துல மூணு மாசத்துல முடிக்கணும், பொருளை சோதனைக்கு அனுப்பினா அஞ்சு மாசம்னு எழுதியே இருக்கு. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, வக்கீல் வைக்கணும்னும் இல்ல, கேக்க எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. போனா வாய்தா, எதிர்த்தரப்பு வரல வாய்தா, மெம்பர் இல்ல வாய்தா. ஒன்றரை வருஷம் அந்த டிவி அவர் வீட்டு ஹால்ல பெட்ஷீட் போத்திக்கிட்டு நின்னுச்சு. ரிப்பேர் பண்ற உரிமைன்னு 2022-ல ஒரு போர்ட்டல் தொறந்தாங்க, போய்ப் பாத்தா கம்பெனி லிங்க்கு இருக்கும், உங்களுக்கு வேண்டிய பேனல் இருக்காது.

சரி, 36,000-க்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-லருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலருந்து 18 ஆயிருச்சு. அதனால உங்க பட்ஜெட்டுல இன்னும் கொஞ்சம் சேத்தா தெரிஞ்ச கம்பெனியோட புது 55 இன்ச் தட்டை டிவியே, பெட்டி பிரிக்காம, முழு வாரண்டியோட பாக்கலாம். இந்த டிஸ்ப்ளே பீஸுக்கு ஜிஎஸ்டி குறைஞ்ச விலைதான் சார் இதுன்னு அவங்க சொல்லியிருந்தா, பழைய எம்ஆர்பியைக் காட்டி கழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். புதுசு பாக்கும்போதும் பேரே கேள்விப்படாத கம்பெனியோட 4கே சப்போர்ட்டுங்கற ஸ்டிக்கரைக் கண்டா ஜாக்கிரதை, சப்போர்ட்டுன்னா 4கே படத்தை வாங்கிக்கும்னுதான் அர்த்தம், பேனல் 4கேன்னு அர்த்தமில்ல. பின்னாடி ஆர்-னு ஆரம்பிக்கற பிஐஎஸ் நம்பர், அதாவது அரசோட தரப் பதிவு நம்பர் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த ஃபேக்டரியோடதுன்னு காட்டும், காட்டலன்னா விட்டுருங்க.

அட்வான்ஸ் 2,000-ஐப் பணமா திருப்பிக் குடுங்கன்னு முதல்ல கேளுங்க, ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போங்க. டிஸ்ப்ளே பீஸ், இன்ன வருஷத்து மாடல்னு அதுல எழுதலன்னா உங்க பக்கம் பேச வழி இருக்கு. தகராறு பண்ணினா 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், கடையில நின்னுக்கிட்டே போன் போடுங்க, கோர்ட்டுக்குப் போறதை விட இந்த போனுக்கு கொஞ்சம் பயப்படறாங்க. அதுக்கும் மசியலன்னா அந்தத் தொகைக்கு ஒரு ஸ்டெபிலைசரோ, டிவி மாட்டற வால் மவுண்ட்டோ எடுத்துக்கோங்க, புது வீட்டுக்கு எப்படியும் வேணும். பில்லு மட்டும் ஜிஎஸ்டி நம்பரோட வாங்கிக்கோங்க.