300 சட்டை வேண்டாம், 45 போதும்

கேள்வி: நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் லேப்டாப் பை மாட்டுவதால் சட்டையின் தோள் தையல் தேய்ந்து நூல் பிரிகிறது. அந்தத் தையலை முன்பக்கம் தள்ளி, தோளில் இரட்டைத் துணி வைத்து ஒரு சட்டை வடிவமைத்திருக்கிறேன். நானும் தோழியும் 12 சாம்பிள் தைத்து நண்பர்களுக்குக் கொடுத்தோம், எல்லோரும் பாராட்டுகிறார்கள். தையல் நிறுவனம் 300 சட்டைக்குக் குறைவாக ஆர்டர் எடுக்காதாம். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். மாமா பணம் போடுகிறேன், பாதிப் பங்கு கொடு என்கிறார். அடுத்த மாதம் கல்லூரியில் தொழில் யோசனைப் போட்டி, ஐந்து நிமிடம் பேச வேண்டும். விலை 100 என்றால் செலவு 38, லாபம் 62. யார் பணத்தை வாங்குவது, நடுவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த 62-ஐப் பார்ப்போம். துணி 22, தையல் கூலி 12, பட்டன், லேபிள், நூல் 4 என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். துணியை வெட்டினால் ஓரத்தில் துண்டு விழும். 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 22 என்பது 26 ஆகிவிடும். செக்கிங்கில் கழிக்கும் சட்டைகளுக்கு 1. பேக்கிங் 3, அனுப்பும் செலவு 8, பணம் வசூலிக்கும் கட்டணம் 2, அளவு சரியில்லை என்று திரும்பி வருவதற்கு 4. மொத்தம் 60. வரியைச் சேர்க்காமலே மிச்சம் 40தான்.

இதையே கடையில் வைத்தால்? கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்கு வருவது 50, தைத்துப் பேக் செய்து கொடுக்கவே 46. ஒரு சட்டைக்கு 4 மிஞ்சும். அதனால் இப்போதைக்குக் கடைப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது 300. பேட்டர்ன் (துணி வெட்டும் அச்சு), அதை ஒவ்வொரு அளவுக்கும் மாற்றி வரையும் கிரேடிங், சாம்பிள், போட்டோ எல்லாம் சேர்ந்து 40 சட்டையின் விலை, அதாவது 4,000 ஆகிறது என்று வைப்போம். ஒரு சட்டைக்கு 40 மிஞ்சினால் 100 சட்டையில் செலவு அடைந்துவிடும். காகிதத்தில் சரி. ஆனால் துணி, கூலி, பட்டன் வகையறா, கழிக்கும் சட்டை எல்லாம் சேர்த்து ஒரு சட்டைக்கு 43 வீதம், 300 சட்டைக்கு முன்கூட்டியே 12,900 கொடுத்தாக வேண்டும். மொத்தம் 16,900. விற்கிற ஒவ்வொரு சட்டையிலும் பேக்கிங், அனுப்புதல், கட்டணம், திரும்பி வருவது என 17 போகக் கைக்கு வருவது 83. போட்ட பணம் திரும்ப 204 சட்டை விற்க வேண்டும். 100 எங்கே, 204 எங்கே!

அந்த 204-ஐத் தொட விடாமல் தடுப்பது அளவு. ஐந்து அளவிலும் 60, 60 என்று தைத்து வைக்கிறீர்கள். பெரும்பாலும் நடு அளவுகள்தான் முதலில் தீரும். எம், எல் இரண்டும் தீர்ந்தால் 120. மற்ற மூன்றிலும் சேர்த்து 50 போனால் 170. அதற்கப்புறம் வருகிறவர்கள் எம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 130 சட்டை அட்டைப்பெட்டியில் கிடக்கும். படிக்கிற காலத்தில் நானும் நண்பனும் டி-ஷர்ட் அச்சடித்து விற்றோம். கடைசியில் மிஞ்சிய எக்ஸ்எஸ் எல்லாம் எங்கள் அறையில் கைப்பிடித் துணியாக இரண்டு வருடம் உழைத்தன.

சின்ன தையல் யூனிட் ஒன்றைத் தேடுங்கள். ஒரே நிறம், மூன்று அளவு, 45 சட்டை. எஸ் 10, எம் 20, எல் 15. கூலி 12-க்குப் பதில் 18 கேட்பார்கள், கொடுங்கள். போட்டோவை நீங்களே எடுத்து, மூன்று அளவுக்கு மட்டும் கிரேடிங் செய்தால் ஆரம்பச் செலவு 1,500-க்குள் முடியும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 3,700. 45-ம் விற்றால் போட்ட பணம் திரும்பும், லாபம் கிடையாது. ஆனால் எந்த அளவு எவ்வளவு போகிறது என்ற விவரம் கையில் இருக்கும். அடுத்த ஆர்டரை அதை வைத்துப் போடலாம்.

துணி வாங்கும் முன் முன்பதிவு எடுங்கள். பாராட்டிய அந்த 12 பேரில் எத்தனை பேர் காசு கொடுத்து இன்னொன்று வாங்குவார்கள்? இலவசமாக வாங்கியவர் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார். முன்பதிவுப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். சட்டை கைக்குப் போய்ச் சேரும்வரை அது கடன்தான்.

அப்பாவின் கடன் வேண்டாம். 3,700 பெரிய தொகை இல்லை, உங்கள் சேமிப்பும் முன்பதிவும் போதும். மாமா விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு சட்டைகூட விற்காத நேரத்தில் பாதிப் பங்கு கொடுத்தால், பின்னால் வரும் முதலீட்டாளருக்குக் கொடுக்க என்ன இருக்கும்? அவருக்கு மனம் இருந்தால் கடனாகத் தரட்டும், விற்கும் ஒவ்வொரு சட்டையிலும் இவ்வளவு என்று திருப்பிக் கொடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், சொந்தம் என்பதால் கட்டாயம்.

நீங்கள் கேட்காத ஒன்று: தோழியின் பங்கு. படிப்பு முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போனால்? பங்கு நான்கு வருடத்தில் படிப்படியாகச் சேரட்டும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. தொடக்க நிறுவனங்களில் இது வழக்கமான ஏற்பாடுதான். இப்போது பேசினால் சண்டை வராது. அப்படியே, கல்லூரி ஆய்வகத்தில் உருவாக்கியவற்றில் கல்லூரிக்கு உரிமை உண்டா என்று விதியைப் படித்துவிடுங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் மேடைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பொதுவில் வெளியிட்ட பிறகு பல நாடுகளில் அது கிடைக்காது.

இனி அந்த ஐந்து நிமிடம். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் கால்சட்டையின் பாக்கெட் முனைகளில் துணி கிழியாமல் பிடித்துக்கொள்ளும் செம்பு ரிவெட் (உலோக ஆணி) அடித்தார். காப்புரிமைக்குப் பணமில்லாததால், தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். கேட்டு வருகிறவர்களுக்குத் தைத்து மாளவில்லை என்பதுதான் அதில் இருந்த பெரிய வாதம். 1873 மே 20-ல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

உங்கள் மேடைக்கும் அந்த வாதம்தான் வேண்டும். சந்தை இவ்வளவு பெரியது, அதில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும் என்று ஆரம்பிக்காதீர்கள், நடுவர்கள் அதை நூறு முறை கேட்டிருப்பார்கள். தோளில் நூல் பிரிந்த பழைய சட்டையை நீட்டுங்கள், விரலை விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் உங்கள் சட்டை. பிறகு மூன்றே எண்: காசு கொடுத்தவர்கள் எத்தனை பேர், ஒரு சட்டையில் மிஞ்சுவது எவ்வளவு, கேட்கும் தொகையில் எதை வாங்கப்போகிறீர்கள். மிஞ்சுவது 40 அல்ல, சின்ன யூனிட் கூலியில் 34 என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

மேடைக்குக் கொண்டுபோகும் சட்டையைப் பத்து முறையாவது துவைத்துவிடுங்கள். தோளில் இரண்டு துணியும் வேறுவேறு அளவில் சுருங்கினால் அந்த இடம் சுருக்கம் விழுந்து தூக்கி நிற்கும். அதை நடுவரின் கையில் கண்டுபிடிக்கக் கூடாது.